சட்டம் துரத்திய தெருவில்

நடுவர் அவர்களே, வணக்கம்.

போர்க்கால வெறுப்பில் மனிதரைத் தாங்குவது சட்டமா, நட்பா? சட்டமே என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணி அண்ணன். இரண்டாம் உலகப் போரின்போது முகாம்களில் அடைத்துவைத்த ஜப்பானிய அமெரிக்கர்களிடம் 1988-இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டதாம், தலைக்கு 20,000 டாலர் கொடுத்ததாம். கொடுத்தது, மறுக்கவில்லை. அண்ணே, அடித்ததும் அதே கைதானே?

லாஸ் ஏஞ்சல்ஸில் பாயில் ஹைட்ஸ் என்றொரு பேட்டை. யூதருக்கும் ஜப்பானியருக்கும் விற்கக்கூடாது என்று நகரின் பல பகுதிகளில் வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைத்த காலம் அது. துரத்தப்பட்ட இரண்டு கூட்டமும் இங்கே குடியேறின. பிள்ளைகள் ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளியில் ஒன்றாகப் படித்தார்கள். 1942 பிப்ரவரி 19-இல் அந்தப் பிள்ளைகளைப் பிரிக்கும் ஆணையில் கையெழுத்திட்ட அமெரிக்க அதிபரும் ஒரு ரூஸ்வெல்ட். (பள்ளிக்குப் பெயர் தந்தவரின் தூரத்து உறவுக்காரர்!) ஜப்பானிய வம்சாவளியினர் 1,20,000 பேர் முகாமுக்குப் போனார்கள். போர்வை எடுத்துப் போகலாம், மெத்தை கூடாது. தட்டு, கரண்டி சரி, வளர்த்த நாய் கூடாது.

பெரிய யூத அமைப்புகள் அன்று வாய் திறந்தனவா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் இல்லை. அந்த மௌனம் எனக்கும் உறுத்துகிறது. ஆனால் எலைன் பிளாக் யோனேடாவைப் பாருங்கள். ரஷ்ய யூதக் குடியேறிகளின் மகள். தொழிலாளர் போராட்டத்தில் கைதான ஜப்பானிய அமெரிக்கர் கார்ல் யோனேடாவை ஜாமீனில் எடுக்கப் போய்ப் பழகியவர். கலப்பு மணம் கலிபோர்னியாவில் செல்லாது என்பதால் சியாட்டில் போய் 1935-இல் மணந்தார்கள். இதுவும் உங்கள் சட்டம்தான் அண்ணே!

முகாம் கட்டும் வேலைக்குக் கார்ல் முன்னமே கலிபோர்னியாவின் மன்சனார் என்ற இடத்துக்குப் போய்விட்டார். பிறகு மகன் டாமியும் வரவேண்டும் என்றார்கள். வயது 3. தாய் வரத் தேவையில்லையாம், அவர் வெள்ளைக்காரியாம். பிள்ளையைத் தனியே விடமாட்டேன் என்று சண்டை போட்டு, தானும் முள்வேலிக்குள் போனார் எலைன்.

"அது தாய்ப்பாசம், நட்பாகுமா?" என்று அண்ணன் தலையாட்டுகிறார். ஜாமீனில் தொடங்கிய தோழமை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையே ஏது?

உச்ச நீதிமன்றமாவது காப்பாற்றியதா? வெளியேற்றியது செல்லும் என்று 1944 டிசம்பரில் 6-க்கு 3 என்று தீர்ப்பு.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே வரி நடுவர் அவர்களே: அண்ணன் பெருமைப்படும் மன்னிப்புச் சட்டம் கையெழுத்தானது 1988 ஆகஸ்டில், எலைன் இறந்தது அதே ஆண்டு மே மாதம்.