முடிந்து வைத்த முருங்கைக்கீரை

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியினருக்கும், கோயில் திடலில் மண்ணிலேயே உட்கார்ந்து கேட்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

'அன்றாடம் உடம்புக்கு வேண்டிய சத்து கிடைப்பது உழவர் சந்தையிலா, சூப்பர் மார்க்கெட் டப்பாவிலா?' இதுதான் தலைப்பு. நான் சந்தைக் கட்சி. 1999 நவம்பரில் முதல் உழவர் சந்தை திறந்தது நம்ம மதுரை அண்ணா நகரில்தான். மதுரை மண்ணில் நின்றுகொண்டு நான் வேறு எந்தப் பக்கம் பேச முடியும்?

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி பெரிய கைதட்டல் வாங்கினார். எதற்கு வாங்கினார்? "ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவி முடிப்பதற்குள் ஆபீஸில் அரை நாள் சம்பளம் போய்விடும். நான் டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் சத்துப் பவுடர் எடுத்துப் பாலில் கலக்கிக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவேன்" என்றாரே, அதற்கு. தம்பி, நான் எழுதிக்கொண்டு வந்த குறிப்பை மடித்து வைத்துவிட்டேன். முதலில் முருங்கைக்கீரைக்குப் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

கல்யாணமாகி நான் திருமங்கலம் பக்கம் வந்த புதுசு. எனக்கும் காலை 8.10க்கு பஸ். ஒருநாள் சாயங்காலம் என் மாமியார் சந்தையிலிருந்து ஒரு கை கொள்ளாத முருங்கைக்கீரையோடு வருகிறார். பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. விடிந்தால் இதை யார் உருவுவது? ராத்திரி பத்து மணி. அத்தை ஒரு பழைய வேட்டித் துணியை விரித்தார். கொத்துக் கொத்தாகக் கீரையை உள்ளே வைத்தார். நாலு முனையையும் இழுத்து இறுக்கி முடிந்தார். அம்மிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்ன அத்தை பண்றீங்க?"

"தூங்கப் போறேன்த்தா. நீயும் போய்த் தூங்கு."

"அப்ப கீரை?"

"அதுவும் தூங்கட்டும்."

கைதட்டாதீர்கள், இன்னும் விடியவில்லை!

காலை ஐந்தரை மணி. பாலை அடுப்பில் வைத்துவிட்டு நிற்கிறேன். அத்தை வந்தார், முடிச்சை அவிழ்த்தார். கொத்தின் நுனியைப் பிடித்து ஒரு உதறு உதறினார். பொலபொலவென்று அத்தனை இலையும் துணியில் கொட்டிவிட்டது. கையில் மிஞ்சியது வெறும் ஈர்க்கு. அடுத்த கொத்து, இன்னொரு உதறு. தம்பிக்காக மறுபடியும் சொல்கிறேன்: உருவவில்லை, ஆயவில்லை. ராத்திரி முடிந்தார், காலையில் உதறினார். எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நான் கடிகாரம் பார்க்கவில்லை தம்பி. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிட்டது. நீங்கள் ஸ்பூன் போட்டுக் கலக்கினீர்களே, அந்தப் பால் பொங்குவதற்குள்!

அப்புறம் பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், வரமிளகாய், இறக்கும்போது ஒரு கை தேங்காய்ப்பூ. என் டிபன் பாக்ஸைத் திறந்தால் ஆபீஸே என் மேஜைக்கு வரும். 8.10 பஸ்ஸை ஒருநாளும் நான் விட்டதில்லை.

டப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஏப்ரலில் மத்திய அரசே ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது, இந்தப் பானங்களையெல்லாம் 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் காட்டாதீர்கள் என்று. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒன்று வரையறுக்கப்படவே இல்லை. டப்பாவின் முன்பக்கப் படத்தைப் பார்க்கிறோம். பின்பக்கம் பொடி எழுத்தில் சர்க்கரை எவ்வளவு என்று போட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நம் பாட்டிமார்கள் விவரம் தெரியாதவர்கள் என்றும் தம்பி ஒரு வரி சொன்னார். 1918இல் குன்னூரில் ஒரே ஒரு அறையில் பெரிபெரி நோய்க்காக ஒரு ஆராய்ச்சி தொடங்கியது. தவிடு போகத் தீட்டிய வெள்ளை அரிசியை மட்டுமே நம்பிச் சாப்பிட்டவர்களைப் பிடித்த நோய் அது. அந்த அறைதான் வளர்ந்து இன்றைக்கு ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நம் வீடுகளில் அதற்கு முன்பே நெல்லை அவித்து, காயவைத்து, புழுங்கலரிசியாக்கித்தான் சோறு வடித்தார்கள். நெல் அவியும்போது தவிட்டில் இருக்கும் வைட்டமின் பி1, அதாவது அந்த நோய் வராமல் தடுக்கும் சத்து, அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பி1 என்ற பேர் அவர்களுக்குத் தெரியாது. பிள்ளைகளைக் காப்பாற்றத் தெரிந்திருந்தது.

காய்கறி, பழம் சேர்த்து ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கரண்டி கீரை, ஒரு காய்க்கூட்டு, ஒரு கொய்யாப்பழம், ஒரு வாழைப்பழம், இவ்வளவுதான் கணக்கு. எல்லாம் சந்தையில் இருக்கிறது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்.

கீரையை உதறினாரே, அந்த அத்தை இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டு வாசல்படியில் மயங்கி விழுந்தார். டாக்டர் அம்மா அவர் கண்ணின் கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. ரத்தசோகை. "வீட்டில் கீரை வாங்குவதில்லையா?" என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வாரம் இரண்டு நாள் கீரை. மாமா தட்டில் உண்டு, என் வீட்டுக்காரர் தட்டில் உண்டு, பிள்ளைகளுக்கு உண்டு, என் டிபன் பாக்ஸில் அமுக்கி அமுக்கி உண்டு. அத்தை எல்லோரும் சாப்பிட்ட பிறகு உட்காருவார். சட்டியில் ஒட்டியதைச் சோற்றால் வழித்துக்கொள்வார், கொஞ்சம் ரசம், கையோடு ஒரு டம்ளர் கடுங்காப்பி. இத்தனை வருஷம் ஒரே அடுக்களையில் நின்றேன், அது என் கண்ணில் படவில்லை. தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வரைக்குமான பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு அந்தச் சட்டிதான் ஞாபகம் வந்தது.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். சோற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து நன்றாக ஒட்டும், சாப்பிட்ட கையோடு காப்பி, டீ வேண்டாம் என்றும் சொன்னார். இப்போது அத்தை தேறிவிட்டார். அதோ, மூன்றாவது வரிசையில், பச்சைச் சேலை. என்னை முறைக்கிறார், வீட்டுக் கதையை மேடையில் சொல்கிறேனே என்று.

அத்தை, கிளம்பும்போது அம்மிக்குப் பக்கத்தில் நான் கீரையை முடிந்து வைத்துவிட்டுத்தான் வந்தேன். காலையில் நானே உதறிக்கொள்கிறேன். நீங்கள் முதலில் உட்காருங்கள்.

வணக்கம்.