மெக்சிகோவின் இறந்தோர் திருநாள்: ஊர்வலத்தை விடுங்க, கல்லறைத் தோட்டத்துக்குப் போங்க!

[திரையில்: மெக்சிகோ சிட்டி சாலையில் ராட்சத எலும்புக்கூடு பொம்மைகள்]

இந்த ஊர்வலத்தை ரீல்ஸ்ல கண்டிப்பா பார்த்திருப்பீங்க. பல நூறு வருஷப் பாரம்பரியம்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. ஆனா இது ஆரம்பிச்சதே 2016-லதான்! 2015-ல வந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக இப்படி ஒரு ஊர்வலத்தைக் கற்பனையா எடுத்தாங்க. படம் பார்த்துட்டு வர்ற டூரிஸ்ட் எல்லாம் இதைத் தேடுவாங்கன்னு, அடுத்த வருஷமே நிஜமாவே நடத்த ஆரம்பிச்சுட்டாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா இதுக்காக மட்டும் அவ்வளவு தூரம் போகாதீங்க. உண்மையான திருநாள் வீட்டுப் படையல்லயும், ராத்திரி கல்லறைத் தோட்டத்துலயும்தான் இருக்கு.

வரலாறு சுருக்கமா: ஸ்பானியர்கள் வர்றதுக்கு முன்னாடியே அங்க இருந்த மூதாதையர் வழிபாடும், கத்தோலிக்கச் சபையோட சகல ஆத்துமாக்கள் திருநாளும் கலந்தது இது. நவம்பர் 1 இறந்த குழந்தைகளுக்கு, 2 பெரியவங்களுக்கு. 2008-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. போதும், பூவுக்கு வருவோம்.

[திரையில்: ஆரஞ்சு நிறப் பூ மலை]

தெரியுதா இது என்ன பூன்னு? நம்ம செண்டுமல்லி! ஆயுத பூஜைக்கு பஸ், லாரி முகப்புல தொங்குமே, அதேதான். பல பேர் இது நம்ம மண்ணுல பிறந்த பூன்னு நினைச்சுட்டிருக்கோம். இதோட சொந்த ஊர் மெக்சிகோ. ஐரோப்பியர்களோட கப்பல் போக்குவரத்து ஆரம்பிச்ச பிறகுதான் நம்ம பக்கம் வந்துச்சு. அங்க இதுக்குப் பேரு செம்பசூச்சில். பக்கத்துலயே கத்தை கத்தையா கோழிக்கொண்டைப் பூவும் விற்பாங்க. அந்தச் சந்தையில நின்னா திண்டுக்கல் பூ மார்க்கெட்ல நிக்கிற மாதிரியே இருக்கும்.

ஏன் இந்தப் பூ? வாசனைக்காகவும் நிறத்துக்காகவும். வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற ஆத்மா வழி தவறாம வீட்டுக்கு வரணும்னு, தெருவாசல்ல இருந்து படையல் வரைக்கும் இதழைப் பாதை மாதிரி தூவி வைப்பாங்க. பகல் நேரம் குறையக் குறைய நல்லாப் பூக்கிற செடி இது. பூயெப்லா மாநிலத்துல அத்லிஸ்கோ பக்கம் ஜூன் கடைசி, ஜூலையில விதைச்சா, அக்டோபர் கடைசியில வயலே ஆரஞ்சா மாறிடும்.

வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. தொட்டியில குட்டையா விற்கிறது அலங்காரத்துக்கான கலப்பின ரகம், வாசனை கம்மி. உயரமான தண்டோட கட்டா விற்கிறதை வாங்குங்க. பூவோட அடிக்காம்பைக் கிள்ளி லேசாத் திருகினா இதழ் மொத்தமா உதிரும். தூவுறதை சாயங்காலம் வச்சுக்கோங்க. காலையிலயே தூவினா வெயில்ல சுருங்கி, ராத்திரிக்கு நிறமும் இருக்காது, வாசனையும் இருக்காது.

[திரையில்: அடுக்குப் படையல்]

நீங்க தங்குற விடுதியிலயும் படையல் இருக்கும். இறந்தவங்க போட்டோ, அவங்களுக்குப் பிடிச்ச சாப்பாடு, தூரத்துல இருந்து வர்றவங்க தாகத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி, உப்பு, மெழுகுவர்த்தி, மேல தோரணமா வெட்டுக் காகிதம். விருந்தாளிங்களும் போட்டோ வைக்கலாம்னு சில விடுதியில சொல்வாங்க. அதனால உங்க தாத்தா பாட்டி போட்டோ ஒண்ணை பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போங்க. மெழுகுவர்த்தியை மட்டும் காகிதத்துக்கு நேர் கீழே வைக்காதீங்க, ஒரு காத்து அடிச்சாப் பத்திக்கும். கோப்பால்னு ஒரு மரப்பிசினைப் புகை போடுவாங்க. கரி நல்லாப் பத்தி மேல சாம்பல் பூத்த பிறகு, சுண்டுவிரல் நகம் அளவுக்குப் போட்டாப் போதும். கரி கறுப்பா இருக்கும்போதே போட்டா கண்ணெல்லாம் எரியும்.

இப்போ கல்லறைத் தோட்டம். வஹாகா நகரத்துக்குப் பக்கத்துல ஹோஹோகோத்லான்னு ஒரு ஊர். அங்க அக்டோபர் 31 ராத்திரி குடும்பம் குடும்பமா வந்து, கல்லறையைக் கழுவி, பூ அலங்காரம் பண்ணி, நாற்காலி போட்டு விடியற வரைக்கும் உட்கார்ந்திருப்பாங்க. பாட்டு இருக்கும், சாப்பாடு இருக்கும், சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே இருக்கும். கூட்டம் அதிகம், கொஞ்சம் அமைதியா வேணும்னா அதே ராத்திரி ஆட்சோம்பா ஊருக்குப் போகலாம். மிச்சோவாகான் மாநிலத்துல ஹானிட்சியோ தீவு ரொம்பப் பிரபலம், ஆனா நவம்பர் 1 ராத்திரி படகுக்கே மணிக்கணக்கா வரிசை. என்னைக் கேட்டா, அதே ஏரிக்கரையில ரோடு வழியாவே போகக்கூடிய ட்சின்ட்சுன்ட்சான்தான் மேல். அந்த ஏரி 2,000 மீட்டருக்கும் மேல இருக்கு, ராத்திரி குளிர் எலும்பு வரைக்கும் போகும். ஸ்வெட்டர் மட்டும் போதாது, குல்லாவும் வேணும்.

உள்ள போகும்போது வெறுங்கையோட போகாதீங்க. ஒரு கட்டுப் பூவோ மெழுகுவர்த்தியோ வாங்கிட்டுப் போங்க, யாருமே வராம இருட்டா கிடக்கிற கல்லறையில வைங்க. இதைவிட நல்ல மரியாதை வேற இல்ல. "புவேனாஸ் நோச்சேஸ்"னு வணக்கம் சொல்லுங்க. கல்லறையைத் தாண்டாதீங்க, மேல உட்காராதீங்க. தரையில மண்மேடு மட்டும் இருக்கிற கல்லறை நிறைய, இருட்டுல தெரியாம மிதிச்சிடுவோம், அதனால டார்ச்சைக் கீழே பார்த்து அடிங்க. போட்டோ வேணும்னா "புவேதோ தோமார் ஊனா ஃபோத்தோ?"ன்னு கேளுங்க, ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். அழுதுட்டிருக்கிறவங்ககிட்ட கேட்கவே கேட்காதீங்க, தயவுசெஞ்சு. முகத்துல மண்டையோடு பெயின்ட் தெருக் கொண்டாட்டத்துக்குச் சரி, இங்க கழுவிட்டு வாங்க. மெஸ்கால்னு அந்த ஊர் சாராயத்தை ஊத்திக் கொடுத்தா சின்னச் சின்ன வாயாக் குடிங்க. குடிக்க மாட்டீங்கன்னா நெஞ்சுல கை வச்சு "கிராசியாஸ்" (நன்றி)னா புரிஞ்சுக்குவாங்க.

ராத்திரி திரும்புறதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. ரோட்டை மூடிடுவாங்க, டாக்ஸி கிடைக்காது. போகும்போதே டிரைவர்கிட்ட திரும்புற நேரத்தையும் இடத்தையும் பேசி முடிச்சிடுங்க. சில்லறையா பெசோ வச்சுக்கோங்க. ரூம் ஆறு மாசம் முன்னாடியே போடணும். வஹாகாவுல அந்த வாரம் கடைசி நேரத்துல ரூம் தேடுறது வீண் வேலை.

சைவக்காரங்க ஒண்ணு கவனிங்க: தமாலேங்கிறது சோள மாவுல அவிச்ச கொழுக்கட்டை மாதிரி; காய்கறி தமாலேன்னு சொன்னாலும் மாவுல பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு இருக்கும். "சின் மான்தேகா" (கொழுப்பு இல்லாம)ன்னு கேட்டு வாங்குங்க. மோலே குழம்புலயும் பெரும்பாலும் கோழிச் சாறுதான். வஹாகாவுல திருநாளுக்குன்னு போடுற முட்டை ரொட்டியில மாவுல செஞ்ச சின்ன முகம் ஒண்ணு பதிச்சிருக்கும், முகத்தை எடுத்துட்டு சாப்பிடுங்க. முட்டை சேர்த்துக்கிறவங்க, சாக்லேட்டை பாலுக்குப் பதிலா தண்ணியில கேட்டு வாங்கி, நுரையோட அந்த ரொட்டியை முக்கி சாப்பிடுங்க. காலை ஆறு மணிக் குளிருக்கு அதைவிட வேற எதுவும் வேண்டாம்.