ஒரு பாட்டுக்கு வந்த நோட்டீஸ்

அவையோருக்கு வணக்கம்.

நூல், நாடகம், சினிமா, பொதுமேடை ஆகிய நான்கும் நம் பண்பாட்டு வாழ்வில் என்ன செய்தன என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். நான்கையும் ஒரே மாலையில் பேசினால் நுனிப்புல் மேய்ந்ததாகத்தான் முடியும். அதனால் ஒரே ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். 'தூண்டிற் புழுவினைப்போல்' என்று தொடங்கும் பாரதி பாட்டு. கண்ணன் பாட்டில் வருவது. காதலனை நினைத்துத் துடிக்கிற ஒரு பெண்ணின் பாட்டு. அரசியல் என்று அதில் எதுவுமே இல்லை. ஆனால் 1948இல் இந்தப் பாட்டால்தான் ஒரு பெரிய வழக்கு நம் தெருவுக்கு வந்தது.

அதற்கு முன் இருபது ஆண்டு பின்னால் போக வேண்டும். 1928இல் பர்மா அரசு பாரதியின் பாட்டுப் புத்தகங்களைத் தடை செய்தது. சென்னை அரசும் அதே வழியில் போனது. போலீஸ் வந்து பிரதிகளை அள்ளிக்கொண்டு போயிற்று. அப்போது சட்டசபையில் எழுந்து இந்தத் தடையைக் கிழித்தவர் சத்தியமூர்த்தி. அவரை நாம் காங்கிரஸ் பேச்சாளராகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவில் அரிதாரம் பூசி நடித்தவர் அவர். பின்னாளில் தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபைக்கு முதல் தலைவராகவும் இருந்தார். ஒரு கவிஞனின் புத்தகத்துக்காகச் சட்டசபையில் வாதாடிய குரல் நாடக மேடையில் பழகிய குரல். மேடையும் சபையும் புத்தகமும் அன்றைக்குத் தனித்தனி வீடுகளாக இல்லை. ஒரே வீட்டின் அறைகளாக இருந்தன. இதை எதற்குச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

தடை என்பது ஒரு விதத்தில் எளிய விஷயம். எதிரி யார் என்று தெரியும். வெள்ளைக்காரன் பறித்தான், நாம் கூச்சல் போட்டோம். பதிப்புரிமை என்கிற பூட்டு வேறு மாதிரி. பூட்டியவர் நம்மவர். சட்டப்படி பூட்டியவர். அவர் மீது குறை சொல்லவும் முடியாது.

பாரதி 1921இல் இறந்தார். அன்றைய சட்டப்படி ஆசிரியர் இறந்து ஐம்பது ஆண்டுகள் வரை உரிமை உண்டு. ஆக 1971 வரை அந்தப் பாட்டுகளுக்கு யாராவது ஒருவர் சொந்தக்காரர். மனைவி செல்லம்மாவும் இரண்டு பெண்களும் நிராதரவாக நின்ற குடும்பம் அது. உரிமை கைமாறிக் கைமாறி, அச்சு உரிமை கடைசியில் பாரதியின் தம்பி விசுவநாதனிடம் வந்து நின்றது. இசைத்தட்டு உரிமை தனியே பிரிந்து போயிற்று. அதை முதலில் வாங்கியவர் சென்னையில் இருந்த ஒரு நகை வியாபாரி! கிராமபோன் தட்டு விற்பனை அன்றைக்குச் சூடான வியாபாரம். அவரிடமிருந்து படத் தயாரிப்பாளர் ஏவி.மெய்யப்பன் வாங்கினார். காகிதத்தில் இருக்கும்போது பாட்டுக்கு ஒரு சொந்தக்காரர், ஊசிமுனையில் சுழலும்போது இன்னொரு சொந்தக்காரர்.

மெய்யப்பனைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. பாரதியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1947 பொங்கலுக்கு அவருடைய 'நாம் இருவர்' வெளிவந்தது. சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, கோட்டையில் வெள்ளைக்காரன் கொடி பறக்கிறது. கொட்டகைக்குள் 'ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்' என்று பட்டம்மாள் குரல் கேட்கிறது, திரையில் குமாரி கமலா ஆடுகிறாள். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனை ஆயிரம் பேர் அன்று முதன்முதலாகப் பாரதியைக் கேட்டிருப்பார்கள்! அச்சுப் புத்தகம் கால் நூற்றாண்டில் போகாத தூரத்துக்குச் சினிமா ஒரே பருவத்தில் போனது. அந்தப் படமும் ப.நீலகண்டன் எழுதிய ஒரு மேடை நாடகத்திலிருந்து வந்ததுதான்.

இப்போது நம் பாட்டுக்கு வருவோம். டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக்காரர்கள். அவர்களில் டி.கே.சண்முகத்தை, ஔவை வேஷம் கட்டியதால், 'ஔவை சண்முகம்' என்றே ஊர் அழைத்தது. அவர்கள் மேடையில் நடத்திவந்த 'பில்ஹணன்' 1948இல் படமாக வந்தது. அதில் இந்தப் பாட்டு இருந்தது. மெய்யப்பன் தரப்பிலிருந்து நோட்டீஸ் வந்தது: உரிமை எங்களுடையது, அனுமதி இல்லாமல் பாடியிருக்கிறீர்கள்.

வேறொருவராக இருந்தால் ஒரு தொகையைக் கொடுத்து சமாதானமாகப் போயிருப்பார். படம் எடுத்தவனுக்குத் தேவை படம் ஓடுவது, வம்பு வேண்டாம். சண்முகம் பணியவில்லை. நாடகக்காரனுக்கு இதில் ஒரு தனிக் கோபம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். பாரதி பாட்டின் மீதிருந்த தடைக்குப் பயந்து பலர் ஒதுங்கிய காலத்தில் ஊர் ஊராகப் பெட்டி தூக்கிப்போய்த் தேசியப் பாட்டைப் பாடியது யார்? விசுவநாத தாஸ் போன்றவர்கள் மேடையில் பாடியதற்காகவே சிறைக்குப் போனார்கள். சிறைக்குப் போய்ப் பாடிய பாட்டைச் சுதந்திரம் வந்த பிறகு பாடினால் நோட்டீஸா?

விஷயம் வழக்குமன்றத்திலேயே கிடந்திருந்தால் சட்டப்படி மெய்யப்பன் பக்கம்தான் பலம். அது தெருவுக்கு வந்தது. வ.ரா., நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம் போன்ற எழுத்தாளர்கள் சேர்ந்து 'பாரதி விடுதலைக் கழகம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெயரைக் கவனியுங்கள். நாடு விடுதலை அடைந்துவிட்டது, கவிஞன் இன்னும் அடையவில்லை என்கிறது அந்தப் பெயர். பத்திரிகையில் எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், செல்லம்மாவை நேரில் போய்ப் பார்த்துச் சம்மதம் கேட்டார்கள். அந்த அம்மாளின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே, அதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். 'மக்கள் சொத்து' என்று கோஷம் போடுகிறவர்கள் குடும்பத்தை மறந்துவிடுவது எளிது.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வர், அவினாசிலிங்கம் கல்வி அமைச்சர். 1949 மார்ச்சில் அரசு பாரதி உரிமையை எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. மெய்யப்பன் தம் உரிமையைக் காசு வாங்காமல் கொடுத்தார். குடும்பத்துக்கு அரசு பணம் கொடுத்தது. ஓர் எழுத்தாளனின் படைப்பை அரசு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்குவது என்கிற வழக்கம் இந்த நாட்டில் அங்கே தொடங்கியது. 'நாட்டுடைமை' என்ற சொல்லை இன்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு நாடகக்காரரின் பிடிவாதம் இருக்கிறது.

சரி, பூட்டைத் திறந்தாயிற்று. பிறகு?

இங்கேதான் என் குறை. சில மாதங்களுக்கு முன் ஒரு புத்தகக் கடையில் பாரதி பாடல்களின் இரண்டு மலிவுப் பதிப்புகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நம் பாட்டையே தேடினேன். பாரதி அதன் தலையில் 'செஞ்சுருட்டி, திஸ்ர ஏக தாளம், சிருங்கார ரசம்' என்று எழுதியிருக்கிறார். எந்த ராகத்தில், எந்த நடையில், எந்த உணர்வோடு என்று எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு பதிப்பில் அந்த வரியே இல்லை. இன்னொன்றில் ராகம் இருக்கிறது, தாளம் இல்லை. முதல் வரியில் 'வெளியே' என்ற சொல்லுக்கு முன் மூச்சு விட வேண்டிய இடத்தில் ஒரு கோடு இருக்கும், அதையும் எடுத்துவிட்டு வரியை உரைநடை மாதிரி ஓட்டியிருந்தார்கள். காகிதத்தை மிச்சம் பிடிக்க யாரோ செய்த வேலை. கடைக்காரரிடம் சொன்னேன். "ஐயா, பாரதிதானே, யார் போட்டா என்ன?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. எல்லோருக்கும் சொந்தமான வீட்டை யாரும் பெருக்குவதில்லை.

பெருக்கியவர்கள் இல்லாமல் இல்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வுப் பதிப்பு கொண்டுவந்தது. சீனி. விசுவநாதன் என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுக்கப் பழைய பத்திரிகைகளைத் தேடித் தேடிக் காலவரிசைப்படுத்திய பாரதியை 2024இல் 23 தொகுதிகளாகப் பார்த்தோம். ஆனால் பள்ளிக்கூடப் பையன் கையில் இருப்பது அந்த 23 தொகுதிகளா, நான் கடையில் பார்த்த மலிவுப் பிரதியா? நீங்களே சொல்லுங்கள்.

பாரதி 1920இல் தம் நூல்களை அச்சிட உதவி கேட்டு ஓர் அறிக்கை விட்டார். 40 புத்தகங்கள், ஒவ்வொன்றும் 10,000 பிரதி, மொத்தம் 4 லட்சம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைவிடச் சாதாரணமாக அவை விற்கும் என்று கணக்குப் போட்டார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு போய்விட்டார். இன்று அவர் புத்தகம் தாராளமாக அச்சாகிறது. தீப்பெட்டி மாதிரியே விற்கிறது. தீக்குச்சியில் மருந்து இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆளில்லை.

நான் இதுவரை அந்தப் பாட்டின் முதல் வரியை மட்டும், அதுவும் பேச்சாகத்தான் சொன்னேன். முன்வரிசையில் இருக்கும் தம்பி பாடுவார் என்று விழாக்காரர்கள் சொன்னார்கள். வரச் சொல்லுங்கள். செஞ்சுருட்டியில் பாடுங்கள் தம்பி, திஸ்ர நடையில். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.