குரலை உயர்த்தாத வில்லி

நேயர்களுக்கு வணக்கம். விண்வெளித் தொடர்களில் வில்லன் என்றால் பின்னால் ஒரு போர்க்கப்பல் படையாவது நிற்கும். இன்று நான் பேச வந்திருக்கும் வில்லியிடம் அது கிடையாது. நீண்ட அங்கி, மாறாத புன்னகை, எதிரில் யார் நின்றாலும் 'என் குழந்தாய்' என்று ஓர் அழைப்பு. அதைக் கேட்டாலே எதிராளிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1993 முதல் 1999 வரை ஓடிய 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் வின் அடாமிதான் அவர். நடித்தவர் ஆஸ்கர் விருது பெற்ற லூயிஸ் ஃபிளெட்சர். கதை நடப்பது பஜோர் கிரகத்திலும் அதன் அருகே உள்ள ஒரு விண்வெளி நிலையத்திலும். கார்டாசியர் என்ற வேற்றுக்கிரக இனத்தின் நீண்ட ஆக்கிரமிப்பிலிருந்து அப்போதுதான் விடுபட்டவர்கள் பஜோர் மக்கள். அங்கே தலைமை மதகுருவின் சொல்லை அரசாங்கமே தட்ட முடியாது. அந்த நாற்காலி மீதுதான் வின்னுக்குக் கண்.

அதற்கு அவர் காய் நகர்த்தும் விதத்தைப் பாருங்கள். போட்டியில் முன்னணியில் இருப்பவர் பரைல் என்ற குரு. ஆக்கிரமிப்புக் காலத்தில் போராளிகள் 43 பேர் ஒரு பள்ளத்தாக்கில் கொல்லப்பட்டார்கள். அவர்களைக் காட்டிக்கொடுத்தது பரைல்தான் என்று ஒரு சந்தேகம் கிளம்புகிறது. வின் மேடையேறி முழங்கியிருக்கலாம். செய்யவில்லை. பரைலின் காதலி கீராவிடம் போய், 'நீயே விசாரித்துச் சொல்' என்கிறார். கீரா முன்னாள் போராளி, நேர்மைக்குப் பெயர் எடுத்தவர், வின்னைக் கண்டாலே ஆகாது. அவர் கண்டுபிடித்துச் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? அதோடு, தோண்ட ஆரம்பித்தால் கீரா நிறுத்த மாட்டார் என்பதும் வின்னுக்குத் தெரியும். உண்மையில் பரைல் குற்றவாளி அல்ல. காட்டிக்கொடுத்தவர், மக்கள் போற்றிய முந்தைய தலைமைக் குரு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்ற அப்படிச் செய்தார். அவர் பெயர் கெடக் கூடாதென்று பரைல் பழியைத் தாங்கி விலகிக்கொள்கிறார். பதவி வின் மடியில் வந்து விழுகிறது. அவர் சொன்னது ஒரு பொய்கூட இல்லை!

அடுத்த ஆண்டே முதலமைச்சர் இறந்துபோக, தற்காலிகப் பொறுப்பும் அவருக்கே வருகிறது. அப்போது வரும் 'ஷக்கார்' என்ற அத்தியாயம் எனக்கு மிகவும் பிடித்தது. சண்டை எதற்குத் தெரியுமா? விஷமேறிய நிலத்தைச் சுத்தப்படுத்தும் சில இயந்திரங்களுக்கு. ஒரு மாகாணத்து விவசாயிகளிடம் கொடுத்ததைத் தவணை முடியும் முன்பே திருப்பிக் கேட்கிறார். ஏற்றுமதிப் பயிர் விளைவிக்கும் இன்னொரு மாகாணத்துக்கு அவை வேண்டும் என்பது அவர் வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் விவசாயிகள் மறுத்ததும் அது தன் அதிகாரத்துக்கு விட்ட சவாலாகிவிடுகிறது, படையை அனுப்புகிறார். விடுதலைக்காகத் தோளோடு தோள் நின்றவர்கள் மலை இடுக்கில் ஒருவர் மீதொருவர் துப்பாக்கி நீட்டி நிற்கிறார்கள். படைத்தலைவர் சுட மறுத்துவிடுகிறார். வின் முதலமைச்சர் தேர்தலிலிருந்து விலகுகிறார், முகத்தில் அதே புன்னகையோடு.

இவரை வெறும் பதவி வெறியர் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. ஒரு காட்சியில் கீராவிடம் சொல்கிறார்: துப்பாக்கி ஏந்தியவர்கள் மட்டுமே போராடவில்லை, தெய்வ வாக்கைப் போதித்ததற்காகத் தானும் சிறை முகாமில் 5 ஆண்டுகள் அடிவாங்கியதாக. கீராவுக்குப் பதில் வரவில்லை. இத்தனையும் தாங்கியவரிடம் அவர் தெய்வங்கள் ஒருமுறைகூடப் பேசியதில்லை. பேசியது வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த, விண்வெளி நிலையத்தின் தலைவர் சிஸ்கோவிடம். அந்தப் பொறாமை ஃபிளெட்சரின் கண்ணில் மட்டும் தெரியும். உதடு சிரித்துக்கொண்டே இருக்கும்.

கடைசிப் பருவத்தில் இவரைத் தீய ஆவிகளின் பக்கம் சாய்த்துவிட்டார்கள். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. இவ்வளவு நுணுக்கமான அரசியல்வாதிக்குப் பேயின் துணை எதற்கு? ஆனாலும் முடிவில் சிஸ்கோவுக்கு உதவ முயன்று தீயில் கருகும் அந்தக் காட்சியை, நடிப்புக்காகவாவது பார்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.