16 எப்படி 60 ஆனது? எல்.எஸ்.யூ. அணியின் 2019 சீசன்: நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகு எத்தனையோ கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த ஒன்று நாலு நாளாக என் மண்டையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஹூஸ்டனில் இருக்கும் ஒரு நேயர் கேட்கிறார்: "லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக (எல்.எஸ்.யூ.) அணியில் ஜோ பரோ 2018இல் 16 டச்டவுன் பாஸ்தான் (புள்ளி வாங்கித்தரும் எறிதல்) எறிந்தார். 2019இல் 60. அதே ஆள், அதே கல்லூரி. ஒரே வருடத்தில் ஒருவருக்குத் திறமை நாலு மடங்கு கூடிவிடுமா?"

கூடாது. கை அதே கைதான். மாறியது ஆட்கள் நின்ற இடம்.

பழைய நேயர்களுக்கு என் புளியங்கொட்டைகள் ஞாபகம் இருக்கும். இதோ, மேஜையில் பரப்பியிருக்கிறேன். தாக்கும் அணியில் பதினொரு பேர். நடுவில் தோளோடு தோள் நிற்கும் இந்த ஐந்து பேரும் மதில் சுவர். இவர்களுக்குப் பின்னால், பந்தை எறியும் குவார்ட்டர்பேக். பரோவின் இடம் அதுதான். மீதி ஐந்து பேர். எல்லா வித்தையும் இந்த ஐந்து கொட்டைகளில்தான் இருக்கிறது.

எல்.எஸ்.யூ. பல வருடங்களாக இவர்களில் இரண்டு மூன்று பேரை மதிலுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவைத்து, முட்டி மோதி ஓடுகிற ஆட்டம் ஆடியது. நாம் நெருக்கி நின்றால் எதிராளியும் அங்கேயே வந்து நெருக்குவான். பாருங்கள், மேஜையின் நடுவில் எத்தனை கொட்டை குவிந்துவிட்டது.

2019 ஜனவரியில் ஜோ பிரேடி என்று ஒரு பயிற்சியாளர் வந்தார். வயது 29. அதற்கு முன்னால் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் தொழில்முறை அணியில் உதவியாளராக இருந்தவர். தாக்குதலின் பொறுப்பாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர் அதே கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர், அறுபது வயதைத் தாண்டியவர். இருவரும் சேர்ந்து இந்த ஐந்து பேரையும் இப்படி விரித்துவிட்டார்கள். மைதானத்தின் அகலம் 53 யார்டு சொச்சம். அந்த அகலம் முழுக்க. பல ஆட்டங்களில் குவார்ட்டர்பேக்கின் பக்கத்தில் துணைக்குக்கூட ஆள் கிடையாது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. பின்னாலிருந்து ஓடவேண்டிய கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேரையும் கோட்டோரமாக அனுப்பிவிடுகிறார்கள். அவரோடு யார் போகிறார் என்று பாருங்கள். எதிரணியில் நடுவில் நின்று காக்கவேண்டிய லைன்பேக்கர் அவர் பின்னாலேயே போனால், ஆளுக்கு ஆள் காவல் என்று அர்த்தம். லைன்பேக்கர் அசையாமல் நின்று, ஓரத்துக் காவல்காரரே அவரைப் பார்த்துக்கொண்டால், பெரும்பாலும் இடத்துக்குக் காவல். பந்து கைக்கு வருவதற்கு முன்பே எதிராளியின் திட்டம் பரோவுக்குத் தெரிந்துவிடுகிறது. நான் திரும்பத் திரும்பச் சொல்வதுதான்: எறிவது இரண்டாவது வேலை, பார்ப்பதுதான் முதல் வேலை. 2018இல் அவர் எறிந்த பாஸ்களில் 57.8 சதவீதம் கைசேர்ந்தன. 2019இல் 76.3 சதவீதம். பார்த்துவிட்டு எறிந்தால் இப்படித்தான் வரும்.

பார்க்கும் கண் ஒரே நாளில் வந்ததல்ல. அவர் அப்பா ஜிம்மி பரோ, ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் தற்காப்புப் பயிற்சியாளர். காவல் எப்படிப் போடுவார்கள் என்பது அந்த வீட்டுப் பேச்சு. மகனின் கடைசிக் கல்லூரி சீசனை நேரில் பார்ப்பதற்காகவே 2018 முடிந்ததும் அவர் ஓய்வு பெற்றார். எல்.எஸ்.யூ.வுக்கு வருவதற்கு முன் மகன் ஒஹாயோ ஸ்டேட் என்ற வேறொரு கல்லூரி அணியில் மூன்று வருடம் இருந்து மொத்தம் 39 பாஸ்தான் எறிந்திருந்தார். மற்ற நேரமெல்லாம் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 7, ஆஸ்டின் நகரில் டெக்சாஸுடன் நடந்த ஆட்டத்தைச் சொல்லாமல் போக முடியாது. நான் மூன்று முறை முழுசாகப் பார்த்த ஆட்டம். 37-31 என்று எல்.எஸ்.யூ. முன்னிலை, இரண்டரை நிமிடம் போல மிச்சம். மூன்றாவது முயற்சி, பந்தைத் தக்கவைக்க 17 யார்டு வேண்டும். மற்ற பயிற்சியாளர்கள் பந்தைக் கொடுத்து ஓடச் சொல்லி கடிகாரத்தைக் கரைத்திருப்பார்கள். இவர்கள் எறியச் சொன்னார்கள். டெக்சாஸ் ஆட்கள் பாய்ந்து வருகிறார்கள். பரோ பின்வாங்கவில்லை, முன்னால் அடியெடுத்து வைத்து, பந்து பிடிக்கும் ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு எறிந்தார். 61 யார்டு, டச்டவுன். கடைசியில் 45-38. இந்த அணி வேறு அணி என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. நவம்பரில் அலபாமாவை அதன் ஊரிலேயே 46-41 என்று வென்றார்கள். 2011க்குப் பிறகு அலபாமாவிடம் அதுதான் முதல் வெற்றி.

சரி, திறமை, வியூகம் எல்லாம் இருக்கட்டும். ஒஹாயோவிலிருந்து வந்த பையனை லூசியானா எப்படித் தன் பிள்ளையாக்கிக்கொண்டது? இதை யாராவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

அங்கே பிரெஞ்சு வம்சாவளிப் பெயர்கள் நிறைய. இ, ஏ, யு, எக்ஸ் என்று நாலு எழுத்தில் முடியும், உச்சரிப்பு வெறும் 'ஓ'. நவம்பர் 30, சொந்த மைதானத்தில் பரோவின் கடைசி ஆட்டம். எதிரணி டெக்சாஸ் ஏ அண்ட் எம். முந்தைய வருடம் ஏழு கூடுதல் சுற்றுகள் ஆடி 74-72 என்று தோற்றது இவர்களிடம்தான். அன்றைக்கு பரோ வெளியே வரும்போது அவர் முதுகில் இருந்த பெயர் அந்த லூசியானா எழுத்துகளோடு முடிந்திருந்தது. லட்சம் பேர் கொள்ளும் மைதானம் எழுந்து நின்று கத்தியது. 50-7 என்று வென்றார்கள்.

இரண்டு வாரம் கழித்து நியூயார்க்கில், வருடத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது பரோவுக்கு. மேடையில் அழுதுகொண்டே அவர் பேசியது, பள்ளிவிட்டு வீட்டுக்குப் போனால் சாப்பாடு இல்லாத தன் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி. தென்கிழக்கு ஒஹாயோவில் ஏதென்ஸ் மாவட்டம், வறுமை மிகுந்த பகுதி. அதைக் கேட்ட ஓர் ஊர்க்காரர், உள்ளூர் உணவு வங்கிக்காக ஆயிரம் டாலர் இலக்கு வைத்து இணையத்தில் நிதி திரட்ட ஆரம்பித்தார். சில வாரங்களில் ஐந்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. லூசியானாக்காரர்களும் அள்ளிக் கொடுத்தார்கள். 60 டச்டவுனைவிட எனக்கு இந்தக் கணக்கு பெரிது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அரையிறுதியில் ஓக்லஹோமாவை 63-28, ஜனவரி 13 இறுதியாட்டத்தில் கிளெம்சனை 42-25. 15 ஆட்டம், 15 வெற்றி. ஏப்ரலில் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் பெயராக பரோவை எடுத்தது சின்சினாட்டி பெங்கால்ஸ். சின்சினாட்டியும் ஒஹாயோவில்தான். ஏதென்ஸிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.