கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சின்ன லீவர்

வணக்கம் நேயர்களே. ஹட்டன் டவுனில் நாற்பது வருடமாகத் துவக்கு பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். இன்றைக்கு ஒரே ஒரு சின்ன லீவரைப் பற்றிப் பேசுவதற்காக என்னை அழைத்திருக்கிறார்கள். பிஸ்டலின் இடது பக்கத்தில், கட்டைவிரல் போய் நிற்கிற இடத்தில், தெரியாமல் சுட்டுவிடாதபடி பூட்டி வைக்கிற சேப்டி லீவர் அது.

பொத்தான் குடை வைத்திருக்கிறீர்கள் அல்லவா? மழை நாளில் பஸ்ஸுக்குள் நெரிசலில் நிற்கும்போது, யாருடைய பையிலோ இருக்கிற குடை திடீரென்று தானாக விரியும். யாரும் வேண்டுமென்று அழுத்தியிருக்க மாட்டார்கள். ஏதோ ஒன்று உரசியிருக்கும், அல்லது பொத்தானின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பைக்குள்ளேயே எரிந்து பட்டறி இறங்கிப்போன டோர்ச்சும் அப்படித்தான். இடுப்பில் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிகிற பிஸ்டலின் சேப்டிக்கும் நடப்பது இதேதான். குடை விரிந்தால் சட்டை நனையும், அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் துவக்கு என்றால் காட்டுப்பன்றிக்கு வைத்திருக்கிற பன்னிரண்டு போர் (12 bore) வேட்டைத் துவக்குதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். பிஸ்டல் வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேர். சம்பளப் பணம் கொண்டுபோகிற தோட்டத்து ஆட்கள், சில வியாபாரிகள், பாதுகாப்பு வேலை செய்கிறவர்கள். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் யாரும் வைத்திருக்க முடியாது, அதையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். லைசென்ஸை மறக்காமல் புதுப்பிக்கிறவர்கள் லீவரைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. என் மனக்குறை அதுதான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். அப்போதெல்லாம் தோட்டங்களில் மாதச் சம்பளத்தைக் காசாகத்தான் கொடுப்பார்கள். பத்தாம் திகதிக்கு முன்னால் துரை ஜீப்பில் ஹட்டனுக்கு வந்து, பேங்கில் பணம் எடுத்துக்கொண்டு திரும்புவார். ஒருநாள் அந்த ஜீப்பில் நானும் போனேன். தோட்டத்துத் துவக்கு இரண்டைப் பார்க்க வேண்டியிருந்தது. துரை முன் சீட்டில், பணப்பெட்டியும் நானும் பின்னால். டிக்கோயா தாண்டி நோர்வூட் பக்கம் போகிற ரோட்டைத் தெரியும்தானே, ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு. போதாததற்கு மழை. ஒவ்வொரு வளைவிலும் துரை இந்தப் பக்கம் சாய்வார், அந்தப் பக்கம் சாய்வார்.

தோட்டத்து ஒபிஸ் வாசலில் இறங்கியதும் துரை காற்சட்டையை மேலே இழுத்துவிட்டுக் கோட்டைச் சரிசெய்தார். கோட்டு விலகிய அந்த ஒரு விநாடியில் அவருடைய இடுப்பைப் பார்த்தேன். லீவர் கீழே இருந்தது.

1911 என்கிற அமெரிக்க மொடல் பிஸ்டல் அது. அதில் லீவர் மேலே இருந்தால் பூட்டு, கீழே தள்ளினால் சுடத் தயார். சுத்தியல் பின்னால் இழுத்தபடி, குழலின் பின் அறைக்குள் ரவை. எதிரே சம்பளத்துக்கு வந்த சனம் முற்றம் நிறைய நிற்கிறது. குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"துரை, கொஞ்சம் பொறுங்க. அசையாம நில்லுங்க" என்றேன்.

"என்ன பாஸ்?"

"சேப்டி விழுந்திருக்கு."

அவர் நம்பவில்லை. "காலையில நானே போட்டனே" என்றார். அவர் போட்டது உண்மைதான். வலது இடுப்பில் வைக்கிறவருக்குப் பிஸ்டலின் இடது பக்கம் உடம்போடு ஒட்டி நிற்கும். லீவர் இருப்பதும் அந்தப் பக்கம்தான். ஒவ்வொரு வளைவிலும் உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உரசித் தள்ளியிருக்கிறது. அன்றைக்கு ஒன்றும் நடக்காததற்கு இரண்டு காரணம். ஒன்று, அந்த மாதிரியில் கைப்பிடியின் பின்னால் இன்னொரு பூட்டு உண்டு. கையால் இறுக்கிப் பிடித்தால்தான் அது திறக்கும். மற்றது, சுடுவதற்கு விரலால் அழுத்துகிற விசையைத் தோலுறை முழுக்க மூடியிருந்தது.

ஒபிஸுக்குள் போய் ரவைக்கூட்டைக் கழற்றி, குழல் அறையிலிருந்த ரவையையும் வெளியே எடுத்துவிட்டுப் பார்த்தேன். லீவரை மேலே தள்ளினால் 'டக்' என்று ஏறி உட்கார வேண்டும். விரலில் அது தெரிய வேண்டும், காதில் கேட்க வேண்டும். இது வெந்த சோற்றை அழுத்தியது மாதிரி மெத்தென்று போனது. லீவரைப் பிடித்து வைக்கிற சின்ன ஊசியும் அதன் ஸ்பிரிங்கும் ஒரு குழாய்க்குள் இருக்கும். ஸ்பிரிங் துருப்பிடித்துச் செத்துப்போயிருந்தது. நம் ஊர் ஈரம் அப்படி. வட்டவளைப் பக்கம் அலுமாரிக்குள் இருக்கிற சப்பாத்தே பூஞ்சணம் பிடிக்கிறது. வேர்வையும் மழையும் படுகிற இடுப்பில் மயிர் தடிப்பில் இருக்கிற கம்பி என்ன பாடுபடும்!

இந்த லீவர் எப்படி வந்தது என்று சொன்னால் இளைஞர்களுக்குப் பிடிக்கும். அமெரிக்கத் துவக்கு வடிவமைப்பாளர் ஜோன் பிரவுணிங் இந்தப் பிஸ்டலை முதலில் செய்து காட்டியபோது அதில் கட்டைவிரல் சேப்டி கிடையாது. அமெரிக்கக் குதிரைப்படைக்காரர்களுக்கு ஒரு கை கடிவாளத்திலேயே இருக்கும். குதிரை மிரண்டால் சுத்தியல் ஏறிய பிஸ்டலை மற்றக் கையாலேயே பூட்டி உறையில் போட வேண்டும். அவர்களுடைய தேவைக்காகச் சேர்த்த லீவரோடுதான் 1911இல் அது இராணுவத்துக்குப் போனது. ஒரு கையால், பார்க்காமல் பூட்டுவதற்குச் செய்த லீவர் அது. பார்க்காமலே அது பூட்டியிருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

சரி, இந்த 1911 மொடலை எப்படிச் சோதிப்பது? மெதுவாகச் சொல்கிறேன். ரவைகள் எல்லாம் வீட்டின் வேறு அறையில் இருக்க வேண்டும். ரவைக்கூட்டைக் கழற்றுங்கள். மேல் பாகத்தைப் பின்னால் இழுத்துக் குழல் அறைக்குள் கண்ணால் பாருங்கள், பிறகு சின்ன விரலை விட்டும் பாருங்கள். இரண்டும் வேண்டும், கண் மட்டும் போதாது. விரலை எடுத்துவிட்டு மேல் பாகத்தை முன்னால் விடுங்கள். இப்போது சுத்தியல் பின்னால் நிற்கிறது. சேப்டியை மேலே போட்டு, பிடியை இறுக்கிப் பிடித்து, சுவர்ப் பக்கம் நீட்டி விசையை நன்றாக அழுத்துங்கள். சுத்தியல் விழக் கூடாது. விரலை எடுத்துவிட்டுச் சேப்டியைக் கீழே தள்ளுங்கள். அப்போதும் விழக் கூடாது.

பாதிப்பேர் இதோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், இன்னொன்று இருக்கிறது. பிஸ்டலைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, குழல் ஆளில்லாத பக்கம் பார்க்க, விசையைத் தொடாமல், கட்டைவிரலால் சுத்தியலை இன்னும் ஒரு நூலளவு பின்னால் இழுங்கள். ஒன்றும் கேட்கக் கூடாது. 'டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்டால், சேப்டி போட்டிருந்த நேரத்திலேயே உள்ளே சுத்தியலைத் தாங்கும் கொக்கி நகர்ந்திருக்கிறது. இன்றைக்கு அரைக்கால் நூல் நகர்ந்தது நாளைக்கு முழுக்க நழுவும். நான் கடையில் ரேடியோவை நிறுத்திவிட்டுத்தான் இதைச் செய்வேன். அந்த டிக் சத்தத்துக்காக நாற்பது வருடமாகக் காது கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று, பழுதான லீவரை மாற்றுகிறோம் என்று வேறு பிஸ்டலின் லீவரைக் கொண்டுவந்து மாட்டாதீர்கள். அந்த மாதிரியில் ஒவ்வொரு லீவரும் அந்தந்தப் பிஸ்டலின் கொக்கிக்குப் பொருந்தும்படி அரத்தால் ராவிச் செய்வது. பார்க்க ஏறி இறங்கும், உள்ளே ஒன்றையும் தடுக்காது.

ஆளுக்கு ஒரே மாதிரிப் பிஸ்டல்தான் நல்லது. 1911இல் கீழே தள்ளினால் சுடத் தயார் என்றேன். பெரெட்டா 92FS என்கிற பிஸ்டலில் லீவர் மேல் பாகத்தில் இருக்கும். அதில் கீழே தள்ளினால் பூட்டு, மேலே தள்ளினால் சுடத் தயார். கை பழகியது ஒன்று, இடுப்பில் இருப்பது இன்னொன்று என்றால், பதறுகிற நேரத்தில் விரல் பழகிய பக்கத்துக்குத்தான் போகும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. கட்டைவிரல் லீவரே இல்லாத பிஸ்டல்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 1982இல் வந்த குளொக் 17 அந்த வகை. விசையிலேயே ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதைச் சேர்த்து அழுத்தினால்தான் சுடும். விரலா, சட்டை நுனியா என்று அந்த நாக்குக்குத் தெரியாது. ஆகவே விசையை முழுக்க மூடுகிற விறைப்பான உறை இல்லாமல் அதை இடுப்பில் செருகாதீர்கள். நைந்துபோன தோலுறையும் வேண்டாம், அதன் விளிம்பு மடிந்து உள்ளே போகும். உறையில் போடும்போது சட்டையை மற்றக் கையால் விலக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாக வையுங்கள். அதற்கு யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிஸ்டல் ஒரு பூட்டுக்குள், ரவை வேறொரு பூட்டுக்குள். தலையணைக்குக் கீழே வைக்கவே கூடாது. மழையில் நனைந்து வந்தீர்களென்றால் அன்று இரவே துடைத்து, லீவருக்கு ஒரு சொட்டு எண்ணெய், ஒரே சொட்டு. தேங்காயெண்ணெய் போடாதீர்கள், நம் ஊர்க் குளிரில் உறைந்துவிடும். வணக்கம்.