விரகர் இருவர்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

மன்னார்குடியில் நான் பள்ளியில் படித்தபோது, எங்கள் தமிழாசிரியர் ஒரு நாள் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதினார்.

விரகர் இருவர் புகழ்ந்திடவே வேண்டும்
விரல்நிறைய மோதிரங்கள் வேண்டும் - அரையதனில்
பஞ்சேனும் பட்டேனும் வேண்டும் அவர்கவிதை
நஞ்சேனும் வேம்பேனும் நன்று.

விரகர் என்றால் தந்திரம் தெரிந்தவர். அப்படிப்பட்டவர் இருவர் புகழ்ந்தால், விரல் நிறைய மோதிரம் மின்னினால், இடுப்பில் நல்ல துணி இருந்தால், பாட்டு நஞ்சாக இருந்தாலும் வேம்பாகக் கசந்தாலும் அவை அதை நன்று என்று ஏற்றுக்கொள்ளும் என்பது பொருள். இது கம்பரை நோக்கிப் பாடப்பட்டது என்றொரு கதை உண்டு. தேரழுந்தூர்க் கம்பருடைய கவிதைக்கு மோதிரமும் பட்டும் துணை நிற்க வேண்டியதில்லை என்பதால், அந்தக் கதையை நான் ஒதுக்கிவிட்டுப் பாடலை மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

இந்த வெண்பா பழிப்பது கெட்ட கவிதையை அன்று. கெட்ட கவிதையைச் சுற்றி எழுப்பப்படும் புகழ் ஏற்பாட்டை. 'வேண்டும்' என்ற சொல் மூன்று முறை வருகிறது. அந்த மூன்று தேவைகளில் ஒன்றுகூடக் கவிதைக்குள் இல்லை. பஞ்சு என்ற உடைக்கு நஞ்சு என்ற சொல் எதுகையாக வந்து நிற்கும் இடத்தில், அணிந்திருப்பதும் எழுதியிருப்பதும் ஒரே மூச்சில் நம் காதில் விழுகின்றன. கவிதை என்ற சொல்லே மூன்றாம் அடியின் கடைசியில்தான் வருகிறது. மோதிரமும் உடையும் பேசி முடிந்த பிறகே அதற்கு இடம் கிடைக்கிறது.

இருவர் என்ற எண்ணையும் நான் நெடுநாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். தன்னைத் தானே புகழ்வது தகுதி அன்று என்று விதித்த நன்னூல் என்ற இலக்கண நூல், ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது நூலையும் ஆசிரியரையும் சிறப்பிக்கும் முன்னுரை, சொல்லத் தக்கவர்கள் யார் என்பதையும் வரையறுத்தது: நூலாசிரியரின் ஆசிரியர், அவரோடு கற்றவர், அவருடைய மாணாக்கர், அந்நூலுக்கு உரை எழுதியவர் என நால்வர். இந்த நால்வரும் நூலையோ ஆசிரியரையோ நெருங்கி அறிந்தவர்கள். ஔவையின் பாடலில் வரும் இருவருக்கு அந்த அறிவு தேவைப்படவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் நான் வாழ்த்துரை வழங்கினேன். நூல் முந்தைய நாள் மாலைதான் கைக்கு வந்தது. பத்துப் பக்கங்களுக்கு மேல் நான் படித்திருக்கவில்லை. ஆயினும் அரை மணி நேரம் புகழ்ந்து பேசினேன். விழா முடிந்து படியிறங்கியபோது, அதே வகுப்பில் என்னோடு படித்த நண்பர் என் அருகே வந்து, 'விரகர் இருவர்' என்று இரண்டே சொற்களைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. படிக்காத நூலைப் பற்றி மேடையேறுவதை அன்றோடு விட்டேன். பல நூற்றாண்டுகளைக் கடந்து வந்த ஒரு பாடல் ஒரு மனிதனைத் திருத்த முடியும் என்பதற்கு நானே சாட்சி.

ஔவை புகழ்பவர்களைப் பிடித்தார் என்றால், காளமேகம் பட்டத்தைப் பிடித்தார். காரைக்காலுக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் திருமலைராயன்பட்டினத்தில், 15ஆம் நூற்றாண்டில் திருமலைராயன் என்பவன் ஆண்டான். அவன் பெயர் தாங்கிய திருமலைராஜன் ஆறு இன்றும் நம் வயல்களுக்குப் பாய்கிறது. அவனுடைய அவையில் அதிமதுரகவியின் தலைமையில் பல்லக்கேறிய அறுபத்துநான்கு தண்டிகைப் புலவர்கள் இருந்தார்கள் என்றும், வந்த காளமேகத்துக்கு உட்கார இடம்கூடத் தரவில்லை என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். 'நாங்கள் கவிராயர்கள்' என்று அவர்கள் சொல்ல, காளமேகம், 'அப்படியானால் வால் எங்கே, கால்கள் நான்கு எங்கே' என்று ஒரு வெண்பாவில் கேட்டார். கவி என்பது கவிஞனையும் குறிக்கும், குரங்கையும் குறிக்கும். அவர்கள் தாங்களே சூட்டிக்கொண்ட பட்டத்துக்குள்ளிருந்தே விடையை எடுத்தார் என்பதால் எதிர்த்துப் பேச அவர்களிடம் சொல் இல்லை. பின்னர் அந்த ஊரின் மேல் மண்மாரி பெய்யட்டும் என்று அவர் அறம் பாடியதாகவும், அதாவது பாட்டாலேயே சபித்ததாகவும் கதை தொடர்கிறது. அந்தப் பாட்டை என்னால் விரும்ப முடியவில்லை. செருக்குற்ற புலவர்கள் சிலர் செய்த அவமதிப்புக்கு, அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்தவரும் நெல் குத்திக்கொண்டிருந்தவரும் என்ன செய்வார்கள்? அங்கதம், அதாவது குற்றத்தைப் பழித்துக் காட்டும் பாட்டு, குற்றம் செய்தவரோடு நின்றுவிட வேண்டும். சாபத்துக்கு அந்த அளவு தெரிவதில்லை.

படிக்காசுப் புலவர் பாடலில் இன்னொரு தரப்பு அகப்படுகிறது. தவறாகப் பாடுவோரைக் குட்டப் பிள்ளைப் பாண்டியன் இல்லை, காதை அறுக்க வில்லிபுத்தூரார் இல்லை, தலையை வெட்ட ஒட்டக்கூத்தன் இல்லை என்று அடுக்கிவிட்டு, ஏமாற்றுவதற்கு 'அறிவில்லாத் துரைகள் உண்டு' என்கிறார். குட்டும் வெட்டும் பழைய கதைகள். பொருள் தரும் செல்வர் படிக்காதவராக இருந்தால் போலிப் புலவர் பெருகுவார் என்ற கணக்குத்தான் இதில் முக்கியமானது.

மயிலாடுதுறையை ஒட்டிய திருஇந்தளூரில் 1938இல் பிறந்த ஞானக்கூத்தன், இந்த மரபைப் புதுக்கவிதைக்குக் கொண்டுவந்தார். ஒலிபெருக்கியில் இழுத்து முழங்கும் மேடைத் தமிழின் ஓசையை எழுத்தில் அப்படியே பிடித்துக் காட்டினார். 'எனக்கும் தமிழ்தான் மூச்சு, ஆனால் பிறர்மேல் அதை விடமாட்டேன்' என்ற அவருடைய வரியில் மொழிப்பற்று குறையவே இல்லை. பற்றைப் பறைசாற்றும் பழக்கம் மட்டும் தனியே பிரிந்து கீழே விழுகிறது. தமிழை நேசிக்காத ஒருவரால் இதை எழுதியிருக்க முடியாது என்றே நான் நம்புகிறேன்.

ஔவை வெண்பாவில் ஒரு தளை, அதாவது சீரும் சீரும் இணையும் யாப்பு முறை, தட்டியிருந்தால், 'இவருக்கே யாப்பு வரவில்லை' என்று அந்த விரகர்கள் அன்றே தள்ளியிருப்பார்கள். பழிக்கும் பாட்டுக்குப் புகழும் பாட்டைவிட இருமடங்கு செம்மை வேண்டும் என்று நான் மாணவர்களிடம் சொல்வது இதனால்தான். சென்ற மாதம் எங்கள் ஊர் இலக்கிய மன்றத்துக்கு வரும் கல்லூரி மாணவி ஒருவர், மன்றத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்வதைப் பற்றி ஒரு வெண்பா எழுதி, தயங்கித் தயங்கி என்னிடம் காட்டினார். இரண்டாம் அடியில் தளை தட்டியது. அந்த ஒரு சீரை மட்டும் திருத்தச் சொல்லி, அடுத்த கூட்டத்தில் முதல் பாட்டாக அவரையே படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.